பிரேக்கில் கட்டிய கம்பி

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி சிவசங்கருக்கு அக்கா பூங்குழலி எழுதுவது. இங்கே நானும் பிள்ளை நிலாவும் சுகம். உன் மாமா உயிரோடு இருக்கிறார். ஓசூரில் நீ நலமாகத்தான் இருப்பாய்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நினைக்காதே. ஐந்து மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை. கடிதத்தைக் கட் பண்ண முடியாது. முகவரியை அம்மாவிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிலா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மாமாவின் இடது கையில் மூன்று விரல்கள் இன்னும் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அப்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார்.

அங்கேயும் நீ பேட்டரி மிஷினில் மரம் அறுக்கத்தான் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அதனால் சிலது சொல்கிறேன், கேட்டுக்கொள். செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடு. சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்று நம்பாதே. செயின் தொய்ந்து தொங்கினால் கழன்றுவிடும், ரொம்ப இறுக்கினால் ஓடாது. எண்ணெய் தீர்ந்ததா என்று பார்க்காமல் வேலையைத் தொடங்காதே. வெயிலில் கொதிக்கிற பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதே, ஆறட்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே. பிளேடு நுனி வேறு கிளையில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறி வரும். கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறதே, அதுதான் பிரேக். எகிறும்போது கை அதில் மோதினால் செயின் உடனே நிற்க வேண்டும்.

மாமாவுக்கு நிற்கவில்லை.

இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்கிறாயா? அந்த மிஷின் என் வீட்டில்தான் இருக்கிறது. பனமலை ரோட்டில், புயலில் சாய்ந்த புளியமரத்தடியிலிருந்து மாமாவை ஆட்டோவில் ஏற்றியவர்கள், பதற்றத்தில் அதையும் காலடியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். காண்டிராக்டர் ஆதிமூலம் இரண்டு முறை ஆள் அனுப்பினான். மூன்றாம் முறை அவனே வந்து, "இன்னாம்மா, மிஷினக் குடு, ஒனக்கு எதுக்கு அது" என்று இளித்தான். லேபர் ஆபீஸ் நஷ்டஈட்டு விசாரணையில் தருகிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

மிஷினோடு வந்த புத்தகத்தை நிலாவை விட்டுப் படிக்கச் சொன்னேன். வாரா வாரம் துடைக்கிறேன். பழைய பல் பிரஷ்ஷால் பிளேடு பள்ளத்து மரத்தூளை எடுத்து, துரு ஏறாமல் எண்ணெய் விடுகிறேன். மிஷினே பழுது என்று அவன் தப்பிக்கக் கூடாது, அதற்காகத்தான். பிரேக்கைப் பின்னால் இழுத்துக் கட்டிய கம்பியை மட்டும் நான் தொடவில்லை.

என் மாமியார் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் அவனுக்கு மண் வாரித் தூற்றச் சொல்கிறார். அம்மனுக்கு ஆயிரம் வழக்கு இருக்கும். இவனை நானே பார்த்துக்கொள்கிறேன். நான்தான் கட்டச் சொன்னேன் என்று பத்துப் பேர் முன்னால் அவன் வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அவனோ உன் மாமா நெடுமாறனே அதைக் கட்டிக்கொண்டார் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். அதைவிட என் வயிறு எரிவது, போன விசாரணையில் உன் மாமாவும் அதையே சொன்னதுதான். "நாந்தான் கட்னேன் சார்" என்றார். வீட்டுக்கு வந்து ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தார்.

அது வீடு கட்டும் கட்டுக்கம்பி. மூன்று முறுக்கு, இடப்பக்கமாகத் திரும்பிய முறுக்கு, நுனி உள்ளே மடங்கியிருக்கிறது. அம்மா வீட்டு ஆட்டுப்பட்டிக் கதவிலும் அதே முறுக்குதான். கம்பி வேலை பார்த்த இடது கைக்காரன் நம் வீட்டில் ஒருவன்தான். உன் மாமாவுக்குத் தன் வேட்டியைத் தவிர எதையும் கட்டத் தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். நிறைய இருக்கிறது. ஆனால் நீயாக அதைக் கட்டியிருக்க மாட்டாய். கிளை தட்டி மிஷின் அடிக்கடி நிற்கிறது, இழுத்துக் கட்டுடா என்று உன்னிடம் சொன்னவன் ஆதிமூலம். அதைக் காதால் கேட்டவன் நீ. முதலில் அவன். உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு விழுப்புரத்தில் விசாரணை. பேட்டரியைத் தனியாகக் கழற்றி, மிஷினை நானே தூக்கிவருவேன். யார் சொல்லிக் கட்டினாய் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கம்பியை நீ அவிழ்க்க வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். அவன் குடிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

புதன்கிழமையே வந்துவிடு. இந்தக் கடிதம் மாமாவுக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலையில் அவர் சட்டைக்கு நீ பொத்தான் போட்டுவிடு.

உன் இரண்டு கைக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
பூங்குழலி