யூ வராத சொற்கள்

ஸ்கந்தபுரம்
பெப்ரவரி 9, 2025

அன்பின் ஸுஹறா,

நலமா? வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே காலபோக அறுவடை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை.

நீ நான்கு முறை போன் எடுத்திருந்தாய். நான் பதில் சொல்லவில்லை. குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடிதம்.

வவுனியாவில் நடந்த ஆங்கில ஸ்கிரபிள் சொல்லாட்டப் பயிற்சியைப் பற்றித்தான். உன் மாணவி றிம்ஸியா, என் தேனுகாவை மூன்று ஆட்டங்களிலும் வென்றாள். மூன்றிலும் கியூ எழுத்து அவளிடம். முதலில் 'காதி'. பிறகு 'வக்ஃபு'. கடைசியில் 'தலாக்'.

ஆங்கிலத்தில் கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள் கொஞ்சம்தான். அவை தெரிந்த பிள்ளையை வெல்வது கடினம். நான்கு வருடமாக அவற்றைத் தேடி நீலக் கொப்பியில் பொருளோடு எழுதிவருகிறேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அறபுச் சொற்கள்தானே என்பாய். ஓம். ஆனால் ஆங்கில அகராதி அவற்றைச் சேர்த்துக்கொண்ட செய்தி அவளுக்கு எப்படிப் போனது?

நவம்பரில் இரண்டு நாள் என் வீட்டில் தங்கினாய். கொப்பி இருக்கும் அலுமாரியின் திறப்பு பூட்டிலேயே தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறேன்.

அன்புடன்,
சுதாஜினி


செட்டிகுளம்
பெப்ரவரி 17, 2025

அன்பின் சுதா,

"இந்தக் காலத்திலயும் கடிதம் எழுதுற ஆக்கள் இருக்கினமோ?" என்று தபால்காரர் கேட்டார். "கம்பஸில என்னோட ஒரே அறையில இருந்தவ. கொஞ்சம் கிறுக்கு" என்றேன்.

திறப்பு பூட்டில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். பகிடி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

றிம்ஸியாவிடம் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கிறாள். "இதெல்லாம் எங்கட ஊட்டுச் சொல்லுத்தானே டீச்சர். டிக்ஷனரிக்குள்ள யாரு கொண்டுபோய் வெச்சதெண்டுதான் எனக்கு வெளங்கல்ல." வீட்டில் காதில் விழும் சொல்லையெல்லாம் அகராதியில் போய்ப் பார்ப்பாளாம். பாதி இருக்காதாம். இருந்தால் அன்று முழுவதும் சந்தோசமாம்.

உன் கொப்பியில் உள்ளதை எனக்கும் கொஞ்சம் எழுதி அனுப்பேன். பொருளை வாசிக்க ஆசை. நோன்புப் பெருநாளுக்கு நீ வருகிறாய். வட்டிலப்பம் உண்டு. சாட்டுச் சொல்லாதே.

உன்,
ஸுஹறா


ஸ்கந்தபுரம்
மார்ச் 1, 2025

அன்பின் ஸுஹறா,

பகிடிதான்.

நோன்பு தொடங்குகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இதனுள் இன்னொரு உறை இருக்கிறது. இருபது சொற்கள், பொருளுடன். நிலத்துக்கு அடியில் வெட்டிய வாய்க்காலுக்கு ஒரு சொல். தினமும் இரணைமடு வாய்க்காலைக் கடந்து பள்ளிக்கூடம் போகிற எனக்கு அது பிடிக்கும். அல்பேனிய நாணயம் ஒன்று. எபிரேய எழுத்து ஒன்று. பதினேழாவதை நீ எங்குமே கண்டிருக்கமாட்டாய்.

ஒரு நிபந்தனை. மாகாணப் போட்டி முடியும்வரை பிள்ளைகளுக்குச் சொல்லாதே. றிம்ஸியாவுக்கும்தான். உன்னை நம்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுதாஜினி


செட்டிகுளம்
மார்ச் 24, 2025

சுதாஜினி,

காய்ச்சல் என்று நீ போட்டிக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இறுதி ஆட்டம். தேனுகா பதினொரு புள்ளி முன்னால் இருந்தாள். றிம்ஸியா 'கஸீதா' என்று வைத்தாள். புகழ்ப் பாட்டு. அவளுடைய மாமா கலந்தர் அதைப் பள்ளிவாசலில் பாடுவார். தேனுகா யோசிக்கவே இல்லை. கையைத் தூக்கி "சலேஞ்ச்" என்றாள். நடுவர் அகராதியைப் பார்த்தார். சொல் சரி. தவறாகச் சலேஞ்ச் பண்ணியதற்குத் தேனுகாவின் முறை போனது. ஆட்டமும் போனது.

குழாயடியில் நின்று அழுதாள். முகத்தைக் கழுவிவிட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"சுதா டீச்சர்தான் சொன்னவ. றிம்ஸியா எனக்குத் தெரியாத கியூச் சொல்லு ஏதும் வைச்சால் உடன சலேஞ்ச் பண்ணட்டாம். உங்களுக்கு அனுப்பின பட்டியல்ல பதினேழாவது அவவே உண்டாக்கின பொய்ச்சொல்லாம். அது பலகைக்கு வந்தால் ஆர் களவெடுக்கிறது எண்டு தெரிஞ்சிடுமாம்."

அந்த உறையை நான் பிரிக்கவில்லை. வாசித்தால் வகுப்பில் வாய் தவறிவிடும் என்று பயம். ஒட்டியபடியே வைத்திருந்தேன். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

றிம்ஸியாவின் உம்மாவுக்குத் தலாக் ஆனது. வழக்குக்குத் தவணை மேல் தவணை. எட்டு மாதம் அந்தப் பிள்ளை காதி நீதிமன்ற வாங்குப் பலகையில், பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வக்ஃபு என்பது பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த காணி. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது அவர்கள் கொட்டில் போட்டது அப்படி ஒரு காணியில். உன் கொப்பியில் இவற்றுக்கு என்ன பொருள் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

பெருநாள் அடுத்த வாரம். அழைத்தது அழைத்ததுதான். வருவதும் வராததும் உன் விருப்பம்.

ஸுஹறா


ஸ்கந்தபுரம்
ஏப்ரல் 3, 2025

அன்பின் ஸுஹறா,

பெருநாளன்று வெளிக்கிட்டேன். வவுனியாவில் பஸ் மாற வேண்டும். மாறவில்லை. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அந்தச் சொல் பலகையில் விழும்போது உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். விழாமல் போகலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

தேனுகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றாள். இப்போது நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அகராதியைத் திறந்து பார்க்கிறாள். எனக்குத் தெரியாமல், மேசைக்குக் கீழே.

உன் உறை வந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தை வாசித்தேன். அழுதேன். அதுவும் உண்மை. பிறகு அந்த உறையை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டிய ஓரத்தை நகத்தால் தடவினேன். எங்கும் பிரிந்திருக்கவில்லை. மூடியில் குறுக்கே நான் போட்ட கையெழுத்து கோடு விலகாமல் இருந்தது. நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். ஆவியில் பிடித்தால் தடயமில்லாமல் திறக்கலாமே என்ற எண்ணம்தான் வந்தது.

உன் கை சுத்தம். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே தடவினேன்.

நீ பதில் எழுதுவாய். உன் குணம் அது. 'அன்பின் சுதா' என்றுகூடத் தொடங்குவாய். நான் அந்தக் கடிதத்தையும் ஜன்னலடிக்குத்தான் கொண்டுபோவேன்.

எழுதாதே.

சுதாஜினி