எருமையின் உடலில் இரண்டு துளைகள்

உன் மழைச்சட்டையில் இன்னும் துவக்கு எண்ணெய் மணக்கிறது. நீ செத்த கையோடு துவக்குகளைப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். மிச்ச உடுப்புகளை, தானமாகப் பழைய சாமான் எடுக்கும் சரிட்டிக் கடைக்குக் கொடுக்க உதவி கேட்டு, உன் மனைவி இன்று காலை என்னைச் சட்டனிலுள்ள உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

"அண்ணை, இந்த மணத்தோடை குடுத்தா எடுப்பினமே?"

சட்டையைப் பையில் திணித்துவிட்டுக் கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன். செத்துப்போன சிநேகிதனை அருவருப்போடு நினைக்கக்கூடாதுதான். வேறு எப்படி நினைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கிழமை முழுக்க உன் கண்ணாடிக் கடையில், வயதானவர்களின் மூக்கு நோகாமல் சட்டம் பொருத்துகிறவன் நீ. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வந்தால் ரோல்ஸ் பலகாரத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் தோட்டாக்களை நிரையாக நிறுத்துவாய்.

"இது முந்நூற்றெழுபத்தஞ்சு ரகம். தூரத்துக்கும் நேராப் போகும், தோளிலை அவ்வளவு உதைக்காது. இது நானூற்றைம்பத்தெட்டு. முனையிலை இருக்கிற சன்னம் பாரம். கிட்ட நிண்டு அடிச்சா எலும்பை உடைச்சுக்கொண்டு போகும்."

மற்றவர்கள் கார்களை ஒப்பிடுவதுபோல இதுவும் ஒரு விசர் என்றுதான் நினைத்தேன். "நீ சுடவேண்டாம் மச்சான், சும்மா வா" என்று தென்னாபிரிக்காவுக்கு வேட்டைக்குக் கூப்பிட்டபோதும், யானை பார்க்கலாமென்று வந்துவிட்டேன்.

அங்கே நீ குறிவைத்த காட்டெருமை முதல் வெடியிலேயே முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழும்பப் பார்த்தது, முடியவில்லை. உடனே முடித்துவிடச் சொல்லி வழிகாட்டி கத்தினான். நீ அவசரப்படவில்லை. கையிலிருந்த துவக்கை என்னிடம் தந்துவிட்டு, பெரிய தோட்டா போடும் மற்றதை எடுத்தாய். ஒரே மிருகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நீ அதைத் தயார்படுத்தும் வரைக்கும் அது எங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கில் இரத்தம் குமிழியிட்டது.

இரண்டாவது வெடியோடு அடங்கியது. நீ முழந்தாளிட்டு, முதல் காயத்துக்குள் ஒரு விரலை விட்டாய். மற்றதற்குள் இரண்டு விரல்கள் போயின. பிறகு உன் குறிப்புக் கொப்பியைத் திறந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"எது பெரிசு? நீ சொல்லு, நான் எழுதிறன்."

கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் எந்தக் கண்ணாடி தெளிவு என்று நீ கேட்கும் அதே இதமான குரல்.

திரும்பி வரும்போது விமானத்தில்தான் எனக்கு வாய் திறந்தது. "உனக்கு வெக்கமில்லையே?"

நீ யன்னல் தட்டியை இறக்கிவிட்டாய். "சண்டை நேரம் ஊரிலை வெடிச் சத்தத்துக்கு ஓடின ஓட்டம் ஞாபகம் இருக்கே? ஒருக்காலெண்டாலும் துவக்கின்ரை மற்றப் பக்கம் நிண்டு பாக்கவேணும்போலை இருந்தது."

"அதுக்கு அந்த வாயில்லாச் சீவன் என்ன செய்தது?"

"நீயும்தானே பக்கத்திலை நிண்டனி. எது பெரிசெண்டு கேட்டன். சொன்னனிதானே."

ஹீத்ரோவில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போனோம். பிறகு நான் உன்னோடு பேசவேயில்லை. நீ எனக்கு எடுத்த தொலைபேசி அழைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரு மத்தியானம் உன் கடையிலேயே நெஞ்சு வலி வந்து நீ போய்விட்டாய்.

செத்தவீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம், உன் கொடூரத்தைப் பொறுக்க முடியாமல்தான் விலகினேன் என்று சொன்னேன். பொய்யில்லை. விமானத்தில் நீ சொன்னதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று நான் முகத்தைத் திருப்பியிருக்கலாம். உன் கொப்பியைப் பறித்து எறிந்திருக்கலாம். நானோ குனிந்து, இரண்டு காயங்களையும் வடிவாக உற்றுப் பார்த்து, "ரெண்டாவது" என்றேன். உன்மேலுள்ள அருவருப்பு காலம் போகக் குறையக்கூடும். அந்தச் சொல்லைச் சொன்ன வாயோடுதான் நான் இன்னும் சாப்பிடுகிறேன், சிரிக்கிறேன், பேத்தியைக் கொஞ்சுகிறேன்.