பாதாளக் கோட்டையின் கடைசிக் கதவு

கார்த்திகை, புதன்

விடாத தூறல். மாடியில் போட்ட துணி காயவே இல்லை. வாங்க: நல்லெண்ணெய், திரி, முறுக்குக்கு மாவு.

பேத்தி பவி ஞாயிறு பெங்களூர் போகிறாள். கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் வேலை. எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்று இவள்தான் முடிவு செய்ய வேண்டுமாம். கீழ்வீட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னால், "லைட் போடுற வேலையா? எலக்ட்ரீஷியனா?" என்கிறாள். வயிற்றெரிச்சல்.

மதியம் பவி லேப்டாப்பை என் மடியில் வைத்தாள். "கண்ண மூடு ஆயா." திறந்தால் பாதாளக் கோட்டை, அந்தப் பழைய கேம்! அதே மழை, அதே இடிந்த மதில், அதே கழுதை வண்டி. சிலிர்த்துவிட்டது.

திருவல்லிக்கேணியில் மகன் சேகர் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தபோது ஆடியது. அவன் சாப்பிடப் போனால் கடைக்கு நான். பக்கத்து மேன்ஷனில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் இந்தப் பாதாளக் கோட்டையைக் கற்றுக்கொடுத்தார்கள். நான் ஐந்தாம் கிளாஸ் படிப்பு, இங்கிலீஷ் வராது. அவர்களே வாசித்துச் சொல்வார்கள். பவி என் மடியில் தூங்குவாள். கடைசித் தளம் வரை இறங்கிவிட்டேன், ஒரே ஒரு கதவு பாக்கி. கையில் விளக்கு எரிகிறவரை அது திறக்காது. "அணை ஆயா, அணை!" என்று கத்தினார்கள். எரிகிற விளக்கை என் கையால் அணைக்க மாட்டேன் என்றேன். ஆட்டம் அப்படியே நின்றது. பிறகு எல்லார் கையிலும் போன். கடையை மூடினோம்.

கதவுக்குப் பின்னால் என்ன? இத்தனை வருஷமாக மனதில் கிடக்கிறது. பவியும் பார்த்ததில்லை. "நீ இல்லாம நா மட்டும் பாப்பனா?" என்கிறாள். ஞாயிற்றுக்குள் பார்த்துவிட வேண்டும்.

வியாழன்

மழை இல்லை. கொசு. முட்டிக்குத் தைலம்.

கத்திக்காரி வேஷம்தான், அன்று போலவே. ஒரே உயிர். செத்தால் முதலிலிருந்து.

இப்போது வருகிற கேமெல்லாம் பளபளவென்று இருக்கின்றன. இதில் பாதித் திரை கறுப்பு. ஆனால் பேய் வருமுன் தூரத்தில் சங்கிலி இழுபடும் பாருங்கள், அந்தச் சத்தம் போதும். கிணற்றடியில் ஒரு கிழவி. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் "கீழே என் பிள்ளையைப் பார்த்தாயா?" என்று கேட்பாள். மூன்றாம் தளத்தில் பார்த்தோம். பேயாகியிருந்தான். வெட்ட வேண்டியதாயிற்று. மேலே வந்தால் மறுபடி கேட்கிறாள். இதைச் செய்தவன் சும்மா ஆளில்லை.

சேகர் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, இன்னும் வெளக்க ஏந்திக்கினுதான் சுத்துறியா? வெளிச்சத்தப் பாத்துத்தான் அதுங்க வருது."

"வரட்டும்டா, வெட்டுறேன்."

"நைனா, நீ போய் டீ போடு" என்றாள் பவி.

வெள்ளி

கோயில். பிறகு தி.நகர், பவிக்கு ஸ்வெட்டர். கூட்டத்தில் யாரோ கால் மிதித்தார்கள். ஆட்டம் இல்லை. பாக்கி நாளை மட்டும். சாப்பாடு இறங்கவில்லை.

சனி

காலையிலேயே மேகமூட்டம். முறுக்கு சுட்டு முடித்து உட்கார்ந்தோம்.

சாயங்காலத்துக்குள் கடைசித் தளம். அதே கதவு. மறுபடி மாட்டேன் என்றேன்.

"வெறும் கேம் ஆயா."

"அப்ப நீ போற வேலையும் வெறும் கேம்தானா?"

பவி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். அப்புறம் அவளே, "சரி. எண்ணெ தீந்து தானா குளிரட்டும். ஆனா அது வரைக்கும் பேயெல்லாம் மேல வந்து விழும். செத்தா என்னக் கேக்காத" என்றாள்.

கதவில் முதுகு சாய்த்து நின்று வெட்டினேன். மருந்துக் குப்பியெல்லாம் காலி. விளக்கு சிறுத்தது, நடுங்கியது, குளிர்ந்தது. திரை முழுக்கக் கறுப்பு. கதவு நகரும் சத்தம்.

பவி வாசித்தாள்: இருட்டில் ராஜா உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் பெரிய விளக்கு. ஏற்றுவாயா?

"இரு, முறுக்கு தின்ன கை. கழுவிட்டு வரேன்."

குழாயடியில் நிற்கிறேன், ஒரே கூச்சல். "ஆயா! கேம் ஓடிக்கினே கீது, நிக்காது! ராஜா எழுந்துட்டான், வந்துகினே கீறான்!"

"நீயே ஏத்துடி!"

"இவ்ளோ வருஷம் காத்துக்கினு இருந்துட்டு நா ஏத்துறதா? ஓடி வா!"

முட்டி வலியோடு ஓடினேன். உயிர்க் கோடு மயிரிழைதான் மிச்சம். அதுவரை அவள் தாங்கிப் பிடித்திருந்தாள். ஈரக் கையோடு அமுக்கினேன்.

வெளிச்சம். ராஜா மண்ணாக உதிர்ந்தான். சுவர் முழுக்க ஓவியம்! சந்தை, கழுதை வண்டி, கல்யாணம். கிணற்றடிக் கிழவி, அங்கே இளம் பெண். இடுப்பில் அவள் பிள்ளை. நான் இத்தனை வருஷம் வெளியே நின்ற அதே சுவருக்கு உள்பக்கம். கடைசிவரை எத்தனை பேர் வருவார்கள்? வருகிற அந்த நாலு பேருக்காக இவ்வளவையும் வரைந்து இருட்டில் வைத்திருக்கிறான், இந்த கேமைச் செய்தவன். மகராசன்.

பவி திரையில் மூக்கு இடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி ஒரே ஒரு செவுரு வச்சாப் போதும் ஆயா."

வைப்பாள்.

ஞாயிறு

வெயில். காலை ரயில். முறுக்கு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். லேப்டாப் எனக்காம், கம்பெனியில் புதிது தருவார்களாம்.

கீழ்வீட்டு அம்மாவிடம் இன்று, "என் பேத்திக்கு இருட்டு வைக்கிற வேலை" என்றேன். முழித்தாள். முழிக்கட்டும்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மதியம் போன்.

"இன்னா பண்ற ஆயா?"

"புதுசா ஆட்டம் ஆரம்பிச்சிருக்கேன், மந்திரக்காரி வேஷம். பவின்னு பேர் வச்சிருக்கேன்."

"எங்க கீற இப்போ?"

"கோட்டை வாசல்லயே. எவனோ குதிரக்காரன் என்னமோ கேக்குறான். வாசிச்சுச் சொல்ல ஆளில்ல."

"வீடியோ போடு. போனத் திருப்பி அவனக் காட்டு."

திருப்பினேன்.