உன் தலை ஆடவில்லை

நாஷ்வில்
ஏப்ரல் 3, 1974

அன்புள்ள லீத்தாவுக்கு,

நலம். நீயும் உன் கோழிகளும் நலமென்று நம்புகிறேன். வருஷக்கணக்காக எழுதாதவன் எழுதுகிறானே, என்ன வேண்டுமாம் என்று நினைப்பாய். வேண்டித்தான் எழுதுகிறேன்.

ஜூனில் நம் ஊர்த் திருவிழாவில், நான் இருக்கும் பர்லுடைய இசைக்குழு வாசிக்கிறது. எல்லோரும் 'காக்கைப் பள்ளம்' கேட்பார்கள். நாம் சேர்ந்து வாழ்ந்தபோது நம் சமையலறையில் நீ வாசிக்க நான் பதிவுசெய்து, என் பெயரில் இசைத்தட்டாக வந்ததே, அதுதான். இதுவரை கைவலி என்று சொல்லி மேடையில் நழுவிவந்தேன். இந்தமுறை பர்ல் விடமாட்டேன் என்கிறார். நடுவில் கம்பி விக்குகிற அந்த இடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மடியில் கிதாரைக் கிடத்தி வாசிக்கிறவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கும் அது வரவில்லை. எப்படிச் செய்தாய்?

உன்,
எல்வுட்

ஹேசர்ட்
ஏப்ரல் 14

அன்புள்ள எல்வுட்டுக்கு,

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கம்பிமேல் நகர்த்துகிற எஃகுத் துண்டைச் சுரத்துக்கு மயிரிழை முன்னால் நிறுத்துங்கள். மிச்சத்தைக் கேட்கிறவர் காது போட்டுக்கொள்ளும். உங்களுக்கு எதிலும் முந்திப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதனால்தான் வரவில்லை.

இசைத்தட்டின் உறையில் என் பெயர் இல்லாததற்கு, "அச்சுக்காரன் விட்டுட்டான்" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன். மேடையில் ஒருவர் வாசித்து முடித்தால் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைப்பதுதானே நம் வழக்கம். அசைத்தால்தான் முறை வரும். பின்னால் நின்று தாளம் போட்ட காலமெல்லாம் உங்கள் தலையையே பார்த்திருந்தேன். பிடில்காரர் பக்கம் ஆடும், பாஞ்சோக்காரர் பக்கம் ஆடும். என் பக்கம் ஆடவே இல்லை. கழுத்துச் சுளுக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பீன்ஸ் விதைத்தாயிற்று.

லீத்தா

நாஷ்வில்
மே 20

லீத்தா,

நீ சொன்னபடி செய்தால் அபஸ்வரம்தான் வருகிறது. எதையோ மறைக்கிறாய். போகட்டும், எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். யாருக்குத் தெரியப்போகிறது? நீ மட்டும் தயவுசெய்து அன்றைக்கு வராதே. உன்னைப் பார்த்தால் எனக்கு வாசிப்பு ஓடாது.

எல்வுட்

நாஷ்வில்
ஜூன் 24

அன்புள்ள லீத்தாவுக்கு,

இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. பர்ல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், ஆரம்பித்தேன், அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் நீ, மடியில் கிதாரோடு. வயிற்றில் தகரத் தட்டு வைத்த கிதார் தானாகவே கணீரென்று ஒலிக்கும், அதற்கு ஒலிபெருக்கி எதற்கு? நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தாய். பர்ல் உன் பக்கம் தலையசைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அவமானத்திலும் எனக்குக் கண் கலங்கியது. அப்படி ஒரு கை உலகத்தில் வேறு இல்லை. "இசைத்தட்டுல கேட்ட கை இதுதாம்பா" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

நாம் முன்பே பேசிவைத்த வேடிக்கை என்று பர்லிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிவிடு. சேர்ந்து வாசிப்போம். திரும்பி வா.

என்றும் உன்,
எல்வுட்

ஹேசர்ட்
ஜூலை 2

எல்வுட்,

பர்ல் வீட்டுக்கே வந்தார். சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் பேசி வெச்சதாமே, நெசமா?" என்றார்.

"அவரு எங்கிட்ட நேர்ல பேசியே ஆறு வருசம் ஆச்சுங்க" என்றேன். இசைத்தட்டில் வாசித்தது நான்தான் என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

மன்னிக்கச் சொல்லி ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சொல்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. நாற்காலியை முன்வரிசையில் போட்டதே நீ விழுவதைக் கிட்டே இருந்து பார்க்கத்தான். கண் குளிரப் பார்த்தேன்.

உன் இடத்துக்கு என்னை வரச் சொன்னார் பர்ல். தலையாட்டிவிட்டேன். பின்னால் நின்று தாளம் போட ஓர் ஆள் வேண்டுமாம். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதை ஊரெல்லாம் பரவியபின் வேறு யாரும் உன்னைக் கூப்பிடப் போவதில்லை.

வந்தால் என் தலையையே பார்த்துக்கொண்டிரு.

லீத்தா