பார்த்தவள் நான் மட்டும்

14.6, சனி

காலையிலேயே வெயில். மையத்தில் ஓடுவது ஒரே ஃபேன். அதுவும் கோகிலா மேஜைப் பக்கம்.

இலவச சட்ட ஆலோசனை, சனிக்கிழமைக் கூட்டம். என் வேலைகள்: டோக்கன் கொடுப்பது (பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எண் மட்டும்). ஆதார் நகலில் தேவையில்லாததைக் கறுப்பு அடிப்பது. ஜெராக்ஸ் கடையில் கூடவே நின்று, கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கிக் கிழிப்பது. கேஸ் கட்டுகள் இருக்கும் பீரோவின் சாவி.

கோகிலாவின் வேலை: பேசுவது.

காசு இருக்கிறவனுக்கு வக்கீல் ஆபீசில் ஏசி அறை, மூடிய கதவு. இங்கே ஒருத்தி அடி வாங்கியதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சு நிறையக் காதுகள். தடுப்புக்கு மேல் துணி கட்டியது நான். யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே வருஷம் சட்டம் முடித்தோம். மார்க் எனக்குத்தான் அதிகம். ஆனால் வருகிறவர்கள் தேடுவது அவளை. "எந்த ஊருங்க சாமி நீங்க?" என்பார்கள். ஊரைச் சொல்வாள். தோப்பு, கிணறு, கோழிப்பண்ணை எல்லாம் அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும். "அட, நம்ம பக்கந்தானா!" உடனே கண்ணீர், கதை. என்னிடம் பெயர் கேட்பார்கள். ரெஹானா என்பேன். "ஓ, சரிங்க." மரியாதைக்குக் குறைவில்லை. அதோடு சரி. பிறகு என்னிடம் பஸ் நேரம் மட்டும் கேட்பார்கள்.

பச்சைப்பை அக்கா வந்தார். (வருகிறவர்கள் பெயரை எங்கேயும் எழுதிவைக்கக் கூடாது என்பது மையத்தை நடத்தும் வக்கீல் மேடம் சொன்ன விதி. இங்கேயும் எழுதவில்லை. இருக்கும் ஊரையும்.) புருஷன் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவன். விலா எலும்பை உடைத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். மகள் புது ஊரில் இரண்டாம் வகுப்பு, சேர்ந்து சில நாள்தான்.

அந்த வீட்டில் இருந்தவரை போனை மாமியார்தான் எடுப்பாராம். முதல் நாளே கோ. கேட்டிருக்கிறாள்: "வேற ஆராச்சும் எடுத்தா நா ஆருன்னு சொல்லட்டுங்க்கா?"

"தையக்காரின்னு சொல்லு சாமி."

மனு தயாரானதும் மாமியாரிடம், "பிளவுஸு தெச்சாச்சுங்க, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். அன்றைக்கே அக்கா கிளம்பிவிட்டார்.

இன்று வாசலிலிருந்தே, "ஏனுங்க கோகிலா, எம்பட பிளவுஸு எங்கீங்க? கழுத்த எறக்கி வெச்சுப்போட்டீங்களா?"

"அளவே குடுக்காம போனது ஆருங்க்கா?"

மேடமும் சிரித்தார். போனில் யாரென்று சொல்லட்டும் என்ற அந்தக் கேள்வியை இனி எல்லோரிடமும் கேட்க வேண்டுமாம். விதி. நல்ல விதிதான். எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூலையில் மேடம் தன் ஆபீசில் ஜூனியர் சேர்த்துக்கொள்கிறார். ஒருத்தியைத்தான்.

16.6, திங்கள்

வாங்க: ரீஃபில், அம்மா மாத்திரை, கறுப்பு மார்க்கர் (காசு மையம் தராது, கேட்கவும் பிடிக்கவில்லை).

கோ. டிபனில் பாதியை என் பக்கம் தள்ளினாள். பச்சப்பயிறு கடைசல். நல்ல ருசி. அதுவும் எரிச்சல்.

17.6, செவ்வாய்

மாலை டவுன் பஸ். நிற்கத்தான் இடம். போன் அதிர்ந்தது.

தன்னார்வலர் குரூப்பில் கோ. ஒரு படம் போட்டிருந்தாள். பச்சைப்பை அக்காவின் மனு, புது முகவரி சேர்த்துத் திருத்தியது. பெயர், புருஷன் பெயர், இப்போது இருக்கும் அறையின் முகவரி, மகளின் பள்ளி. மேடத்துக்குப் போகவேண்டியது. கை தவறியிருக்கிறது. அந்தக் குரூப்பில் ஊருக்கு ஒரு தன்னார்வலர். புருஷனின் பங்காளி ஒருவரும் உண்டு. நல்ல மனிதர்தான். ஆனால் பங்காளி.

நான் செய்தது: ஸ்கிரீன்ஷாட்.

கோ.வைக் கூப்பிடவில்லை. முதலில் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் எடுத்தேன்.

பிறகு மேடத்துக்குத் தட்டினேன்: "மேடம், கோகிலா குரூப்பில்…" அழித்தேன். பொறாமை என்பார்கள். பொறாமைதான். ஆனால் சொல்ல வேண்டியதும் அதேதான். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன்.

இறங்கும்போது பார்த்தால் படம் இல்லை. அவளே நீக்கிவிட்டாள்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தது.

18.6, புதன்

மேகம் மட்டும்.

கோ. எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நேத்து நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன்." அழவில்லை. நேற்றே மேடத்துக்கும் அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். மேடம்: "தப்பு நடக்கும். இப்படி உடனே சொல்லணும். எல்லாரும் கத்துக்கங்க."

தப்புக்கும் பாராட்டு! தப்பே செய்யாதவள் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.

டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனாள்.

"அழிக்கறதுக்கு முந்தி ஆரெல்லாம் பாத்திருக்காங்கன்னு பாத்தேன் ரெஹானா. உம்பேரு மட்டுந்தான் இருந்துது."

டீ சுட்டது.

"அப்பறந்தான் உசுரே வந்துது புள்ள. வேற ஆராச்சுமா இருந்தா அக்காவ உடனே எடம் மாத்தியிருக்கோணும். பாத்தது நீதானேன்னு மேடம் வேண்டாம்னுட்டாங்க. அந்தப் புள்ள இப்பத்தான் பள்ளிக்கூடத்துல அழுவாம ஒக்காருதாம்."

"ம்."

"பாத்ததும் ஒரு போன் போட்டிருக்கலாமல்லோ?"

"பஸ்ல நின்னுட்டு இருந்தேன்."

"அதுஞ் சரிதான்."

நம்பிவிட்டாள். டீக்கு அவளே காசு கொடுத்தாள்.

படம் இன்னும் என் போனில். அழிக்கவில்லை. ஜூலை வருகிறது.

20.6, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தாவுக்கு (அப்பாவுக்கு) சோறு கொண்டுபோனேன். பரமத்தி ரோட்டுக் கடை, ரெக்சின் பசை நாற்றம். அத்தா லாரிக்கு சீட் தைப்பவர். ரிக் வண்டிக்காரர்களும் வருவார்கள். அவருடையது பட்டன் போன். சீட் படங்கள் என் போனில்தான். வழக்கம்போல் வாங்கி, காத்திருந்த ஒருவருக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மெரூன். நீலம். புலிக்கோடு. அடுத்தது மனு.

"இது என்னாம்மா, கோர்ட்டு காயிதமா?" அக்கா இருக்கும் ஊரின் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

பிடுங்கினேன். அந்த ஆள் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். "ஆரு கேஸுங்க பாய்? புருஷன்னு போட்டிருக்கற பேருல நமக்குத் தெரிஞ்ச ரிக்குக்காரரு ஒருத்தர் இருக்காருங்க."

"அது வேற யாரோங்க," என்றேன். சிரித்தார். நம்பிய சிரிப்பா, தெரியவில்லை.

அவர் போனதும் அத்தா: "அடுத்தவங்க காயிதத்த நீ ஏம்மா போன்ல வச்சிருக்க?"

கடைக்கு வெளியே வந்து மேடத்துக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை தட்டி அழிக்கவில்லை. படம், கடை, எட்டிப் பார்த்த ஆள், எல்லாம் சொன்னேன்.

"எதுக்கு எடுத்த?"

"கோகிலா மேல சொல்றதுக்கு."

"அப்பறம் எதுக்கு வச்சிருந்த?"

"அதுக்குத்தான்."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"இப்பவே அழி. அவங்கள இன்னிக்கே கூட்டிட்டு வர கோகிலாவ அனுப்பறேன். நாளைக்கு நீயே அவங்ககிட்ட சொல்லு. கோகிலா சொன்ன மாதிரி."

படத்தை அழித்தேன். "கோகிலா சொன்ன மாதிரி" அழியவில்லை.

21.6, சனி

மழை, ஒருவழியாக. மையத்துக்குள் ஒழுகியது.

உள்ளறையில் அக்கா. பச்சைப்பை, குக்கர், சுருட்டிய பாய், யூனிஃபார்மில் மகள். கோ. அப்பாவின் காரில் போய்க் கூட்டிவந்திருந்தாள்.

சொன்னேன். "நான்தாங்க்கா. உங்க மனுவப் படம் எடுத்து வச்சிருந்தேன். எங்க கடைல ஒருத்தர் பாத்துட்டாரு."

"நீங்க எதுக்குங்க அத வெச்சிருந்தீங்க?"

"கோகிலாவ மாட்டிவிட."

கோ. ஜன்னலைப் பார்த்தாள். அக்கா என்னையே பார்த்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"எம்புள்ள முந்தாநேத்துத்தானுங்க ஒரு சிநேகிதி புடிச்சுது," என்றார்.

புது இடம் எது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். சரிதான். நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன். பீரோ சாவியை மேடம் கேட்டார். கொடுத்தேன். ஜூலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது மகள் கோ.வின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கோ.வின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி கூப்புட்டா ஆருன்னு சொல்லுவீங்க சாமி? தையக்காரி வேண்டாமுங்க."

கோ. குனிந்து அக்கா காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், அந்த நிலைமையிலும்.

என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. டோக்கன் கொடுக்கப் போனேன். எரிகிறது.