என் பையில் இல்லாத மருந்து

சூளகிரி
நவம்பர் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

விழுந்து முறிந்த உங்கள் மணிக்கட்டின் வலி குறைய வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரோடுதான் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறேன்.

போனில் ஊசி விஷயத்தைச் சொல்ல வந்தாலே, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

தம்பி டெல்வின் எல்லாம் சொன்னான். எலும்பு தேய்ந்திருக்கிறது, இனி விழுந்தால் இடுப்பே முறியலாம் என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை டாக்டர் எழுதினாராம். நீங்கள் இரண்டு தடவை போயும் போடாமல் திரும்பிவிட்டீர்கள். "எம் மவ எலும்பு மருந்துல்லா செய்யுதா! கிறிஸ்மஸுக்கு ஒரு குப்பி கொண்டாருவா. உம்ம ஊசி எதுக்கு டாக்டரே?" என்று கேட்டீர்களாம். சிரித்துவிட்டேன். பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

தப்பு என்னுடையது. வேலையில் சேர்ந்த வாரம், எலும்புக்கான புரதம் செய்கிறோம் என்று உங்களிடம் பெருமையடித்தேன். நீங்கள் அதைச் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லிவிட்டீர்கள். ஈஸ்டருக்கு வந்தபோது முட்டுவலிக்காரர்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

நாங்கள் செய்வது மருந்தே அல்ல, அம்மா. மனித மரபணுவின் ஒரு துண்டை நுண்ணுயிரிக்குள் புகுத்தி, அதைக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்யவைத்து, சுத்தமாக்கி, உலர்த்திக் குப்பியில் அடைக்கிறோம். அடியில் உப்புப் படிந்ததுபோல் கொஞ்சம் இருக்கும். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக்கூடாது' என்ற லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

அந்தப் புரதம் எலும்பை வளர்ப்பதுமில்லை. பழைய எலும்பை அரித்தெடு என்று உத்தரவு போடுவது அது. எல்லார் உடம்பிலும் உண்டு. அரிப்பதும் கட்டுவதும் சமமாக நடந்தால் நல்லது. உங்கள் வயதில் அரிப்பது முந்திக்கொள்கிறது. டாக்டரின் ஊசி அந்தப் புரதத்தைத்தான் மடக்குகிறது. அதுபோன்ற மருந்துகளைச் சோதிக்கத்தான் ஆய்வுக்கூடங்கள் எங்கள் குப்பியை வாங்குகின்றன.

எங்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் சாந்தம்மா முதலில், "அம்மாவுக்குத்தானே கண்ணு, ஒண்ணு எத்துக்கினு போயேன்" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அய்யய்யோ, பெத்தவளுக்கே எலும்பு தின்ற பூதத்தைக் குடுப்பியா!" என்று துடைப்பத்தை ஓங்கினார். நான் ஓடியே போனேன்.

28ஆம் தேதிக்கு டெல்வின் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறான். நான் லீவு போட்டுவிட்டேன்; அன்று விடியும்போது வீட்டில் இருப்பேன். உங்களைத் தடுப்பது ஊசியல்ல, ஐக்கியத்துப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம்தான் என்று தோன்றுகிறது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐக்கியத்தில் நானே எழுந்து நின்று, அம்மா சொன்னது தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு என்று சொல்லிவிடுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன்.

ஊசி போடும்போது உங்கள் நல்ல கையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுக்காமல் வாருங்கள், அம்மா. கர்த்தர் உங்களை எனக்கு இன்னும் வெகுகாலம் வைத்திருக்கட்டும்.

உங்கள் மகள்,
கெசியா