மாநிறம் என்று சொல்லி வாங்கிய லைட் மெஷின்

அனுப்புநர்
பா. சூர்யகலா (வயது 26),
த/பெ. பாண்டுரங்கன்,
பிள்ளையார் கோயில் தெரு,
திண்டிவனம்.

பெறுநர்
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: முகத்து முடியை ஒளி பாய்ச்சி நீக்கும் கருவியை, வாங்குபவரின் தோலைப் பார்க்காமல் நிறத்தை வாயால் கேட்டு விற்கும் விழுப்புரம் கடை – ஆடிப்பெருக்குத் தள்ளுபடி விற்பனைக்கு முன் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: எழுத்தில் எதுவும் இல்லை. கடை உரிமையாளர் என்னிடம் நேரில் சொன்ன பதில் மட்டுமே.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பதவியில் இப்போது இருப்பவர் ஐயாவா அம்மாவா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவாக இருந்தால் என் கூச்சம் பாதியாகக் குறையும். ஐயாவாக இருந்தால், தங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். போன திங்கட்கிழமை அவர்களில் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "இன்னா விஷயம் சொல்லும்மா, பட்டாவா, பென்ஷனா?" என்று கேட்டார். என் மோவாயில் முடி வளர்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ரேஷன் கார்டு விஷயம், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆகவே இது நானே எழுதும் மனு. முறையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். என் தந்தை பெருமுக்கல் அருகே சொந்த நிலத்தில் மணிலாக் கடலை பயிர் செய்கிறார். இப்படி ஒரு மனு எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கோபப்பட மாட்டார், தலையைக் குனிந்துகொள்வார். அதுதான் எனக்குப் பயம்.

2. பள்ளிப் படிப்பு முடிக்கும் முன்பிருந்தே எனக்கு மேலுதட்டிலும் மோவாயிலும் முடி உண்டு. அம்மா கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துத் தேய்த்துப் பார்த்தார். முடி போகவில்லை, தலையணை உறைதான் மஞ்சளானது. பிறகு பியூட்டி பார்லருக்குப் போய் நூல் வைத்து எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களும் வரும் இடம் அது. ஒரு நாள் நான் அண்ணாந்து கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து, "மிஸ், நீங்களா? எம்பொண்ணு ஒழுங்கா படிக்கிதா மிஸ்?" என்று ஒரு குரல் வந்தது. நான் அண்ணாந்த நிலையிலேயே நன்றாகப் படிக்கிறாள் என்று பதில் சொன்னேன். வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு செய்துகொள்ளும்படி ஒரு கருவி வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

3. முகையூர் அருகே உள்ள திரு. வெற்றிச்செல்வன் என்பவருக்கும் எனக்கும் வரும் ஆவணியில் திருமணம் நிச்சயமாகியுள்ளது. அவருடைய அக்கா திருமதி கலைப்பிரியா விழுப்புரத்தில் குடியிருக்கிறார். நான் அவரை அண்ணி என்று அழைக்கிறேன். நல்லவர். சென்ற மே மாதம் கல்யாணச் சாமான்கள் வாங்க என்னை அழைத்துப்போன அவர், ஒரு பேன்சி கடைக்கும் கூட்டிப்போனார். கடையின் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அங்கே கண்ணாடி அலமாரியில் இந்தக் கருவிகள் இருந்தன. கடையில் "லைட் மெஷின்" என்கிறார்கள். நான் செல்போனில் பல நாள் பார்த்து வைத்திருந்த பொருள் என்பதால் கண் அங்கேயே போனது. அண்ணியே அதைக் கவனித்து, "கூச்சப்படாத, வாங்கிக்க. எனுக்கும் எம்பொண்ணுக்கும் இதே தொல்லதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் எனக்கு இன்றும் நன்றி உண்டு.

4. விற்பனையில் இருந்த பெண்ணின் பெயர் செந்தாமரை. அவர் இரண்டு வகையை எடுத்துக் காட்டினார். முதல் வகை, தோலில் வைத்ததும் தானே நிறத்தைப் பார்த்துக்கொள்ளும். தனக்கு ஒவ்வாத தோல் என்றால் விளக்கே எரியாது. இரண்டாவது வகைக்கு அந்த வசதி கிடையாது. நாமே ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒளியின் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். செந்தாமரை முதல் வகையைக் கையில் எடுத்து, "இங்கியே கைல வச்சி பாத்துடலாம்க்கா. சில பேருக்கு எரியவே எரியாது. வாங்கிக்கினு போயி திருப்பிக் கொண்டாந்து பேஜார் பண்றாங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணி பக்கத்தில் நிற்கிறார். என் கையில் வைத்து அது எரியாமல் போனால் என்ன செய்வது? ஒரு இயந்திரம் என்னை வேண்டாம் என்று சொல்வதை மாப்பிள்ளையின் அக்கா பார்த்துக்கொண்டிருப்பாரே என்றுதான் அப்போது என் மனதில் ஓடியது. என் தோலைப் பார்க்கத் தெரியாத இரண்டாவது வகையே போதும் என்றேன்.

5. இரண்டாவது வகைப் பெட்டியின் மேல் தோல் நிறங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. வெள்ளையில் தொடங்கிக் கருப்பில் முடியும். கடைசி நிறத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தது. "உங்க கலர் இன்னாக்கா?" என்று செந்தாமரை கேட்டார். "மாநிறம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரசீதின் மூலையில் "மாநிறம் – நாலாம் நம்பர்" என்று எழுதிக் கொடுத்தார். என் கைப்பை அந்தப் பெட்டியின் கடைசி நிறத்தின் மேல் இருந்தது. தற்செயலாக இல்லை, நான்தான் வைத்தேன்.

6. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தாங்கள் கேட்கக்கூடும். நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கருப்பு என்று சொன்னதில்லை. ஜாதகத்தோடு தரகரிடம் கொடுத்த விவரத்தில் மாநிறம். தரகர் மாப்பிள்ளை வீட்டில் சொன்னது, "நல்ல மாநிறம்ங்க, களையான பொண்ணு." பெண் பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் பக்கம் வரன் கூடி வந்தால் பெண் மாநிறம், தட்டிப்போனால் கருப்பு. எனக்கு முன்பு தட்டிப்போனவை உண்டு, அதனால் இரண்டையும் கேட்டிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் என் நிறம்தான். அத்தனை பேரும் மாநிறம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. அது ஒரு மரியாதை.

நான் கருப்பு. இந்த வார்த்தையை என்னைப் பற்றி நானே எழுதுவது இதுவே முதல் தடவை.

7. ரசீதில் எழுதியபடியே நாலாம் நம்பரில் வைத்துப் பயன்படுத்தினேன். பளிச்சென்று வெளிச்சம் வந்தது, சுருக்கென்று சுட்டது. முடி பொசுங்கும் வாசனை வந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு மோவாய் முழுவதும், மேலுதடு முழுவதும் வைத்தேன். மறுநாள் காலையில் கருவியின் முனை எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே, தபால் தலை அளவில், வரிசையாகக் கொப்புளம். கொப்புளம் உடைந்து கருகி, இப்போது சில இடம் வெளுத்தும் சில இடம் இன்னும் கருத்தும் கிடக்கிறது. பள்ளி திறந்த அன்று என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "மிஸ், உங்க மூஞ்சில யாரு மிஸ் கட்டம் போட்டது?" என்று கேட்டாள். எண் எழுதும் கட்டம் போட்ட நோட்டு அவள் கையில் இருந்தது. அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னாள்.

8. வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும், வடை சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னேன். அதன் பிறகு அம்மா என்னை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா போனில், "பொண்ணுக்கு வட சுடக்கூட சரியா வராதா?" என்று கேட்டதாகத் தெரிகிறது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், வடை சுடத் தெரியாதவள் என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

9. அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் அம்மா பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள நிறங்களை என் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். என் கை கடைசி நிறத்தோடு அப்படியே சேர்ந்து நின்றது. அந்த ஒளி கருப்பைத் தேடிப் பிடித்துச் சுடுமாம். முடியும் கருப்பு, தோலும் கருப்பு என்றால் அதற்கு எது முடி, எது தோல் என்று தெரியாதாம். "விக்கும்போது யாரும் உங்க கையப் பாக்கலியாம்மா?" என்று கேட்டார். நான் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். தழும்பு மறைய நாளாகும், முழுவதும் மறையுமா என்று இப்போது சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்துள்ளார்.

10. பெட்டியோடும் ரசீதோடும் கடைக்குப் போனேன். உரிமையாளர் திரு. மணிமாறன், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, என்னிடம் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "நீதானம்மா மாநிறம்னு சொன்ன? ரசீதுல எழுதியிருக்குதே. இப்ப வந்து கருப்புன்னா நா இன்னா பண்றது? எந்தப் பொண்ணுகிட்டயாவது போயி, நீ மாநிறம் இல்ல, கருப்புன்னு சொல்லிட்டு நா கட நடத்த முடியுமா?" சிலர் சிரித்தார்கள். செந்தாமரை சிரிக்கவில்லை, வளையல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் என் நிறம்தான்.

திரு. மணிமாறன் சொன்னதில் பாதி நியாயம் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு என்னுடையது, நான் சுமந்துகொள்கிறேன் என்று இருந்தேன்.

11. இப்போது எழுதக் காரணம் வேறு. ஆடிப்பெருக்கை ஒட்டி அந்தக் கடையில் இதே இரண்டாவது வகைக் கருவியைத் தள்ளுபடியில் விற்கப்போகிறார்கள். வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை அண்ணி எனக்குப் போன் செய்து, "நீ வாங்குனியே அதையே எம்பொண்ணுக்கும் வாங்கிடப் போறேன். பாப்பாவும் உன்ன மாதிரி மாநிறம்தான" என்றார். அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் கையும் என் கையும் ஒரே நிறம். அண்ணி அந்த எண்ணெய்க் கதையை நம்பியிருக்கிறார், அதன் பிறகு என் முகத்தை நேரில் பார்க்கவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு, "சரி அண்ணி" என்றேன். ஐயா அல்லது அம்மா அவர்களே, கடையில் சொன்ன பொய்கூட என் முகத்தோடு போயிற்று. இந்த "சரி அண்ணி"தான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுபடி போன் செய்ய எடுத்தேன், வைத்தேன். உண்மையைச் சொன்னால் முடி, நிறம், பொய் எல்லாம் ஒன்றாகச் சொல்ல வேண்டிவரும். ஆவணி நெருங்கிவிட்டது. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

(அ) ஆடிப்பெருக்குக்கு முன்பாக அந்தக் கடையில் விசாரணை செய்து, வாங்குபவரின் கையைப் பெட்டியிலுள்ள நிறங்களோடு வைத்துப் பார்க்காமல் இக்கருவியை விற்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். உங்கள் நிறம் என்ன என்று கேட்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வாயை நம்ப வேண்டாம். எங்களால் உண்மை சொல்ல முடியாது.

(ஆ) கருத்த தோலுக்கு இது ஆகாது என்று பெட்டியின் மேல் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டச் செய்ய வேண்டும். அதில் மாநிறம் என்ற சொல் வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் எல்லோரும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

(இ) செந்தாமரையின் வேலைக்கு இதனால் கேடு வரக் கூடாது. அவர் கையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். மறுத்தது நான்.

(ஈ) எனக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாம். குறைதீர் கூட்டத்தில் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இயன்றால் அதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன். இயலாது என்றால், கூப்பிடுங்கள், வருகிறேன். பெயர் போடாமல் அனுப்பினால் குப்பைக்குப் போகும் என்றார்கள். அதனால் பெயர் போட்டுள்ளேன்.

இதில் எழுதியவை அனைத்தும் உண்மை, என் நிறம் உட்பட.

நாள்: 24.07.2017
இடம்: திண்டிவனம்

இப்படிக்கு,
பா. சூர்யகலா

இணைப்பு:
1. கடையின் முகவரியும் ரசீதின் நகலும்.
2. தோல் மருத்துவரின் சீட்டு நகல்.
3. என் முகத்தின் புகைப்படம் ஒன்று, பவுடர் போடாமல் எடுத்தது.

நகல்:
திருமதி கலைப்பிரியா, விழுப்புரம். (அண்ணி, முழுவதும் படித்துவிடுங்கள். பாப்பாவுக்கு அதை வாங்க வேண்டாம். கல்யாணத்தைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தாலும் சரி, அதை மட்டும் வாங்க வேண்டாம்.)